அளவு இலவசம், உழைப்புக்கு விலை உண்டு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், உத்திரமேரூர் கடைவீதியில் சிறிய துணிக்கடை நடத்தும் பெண்மணி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகளும் பதில்களும் இறுதியில் உள்ளன.)



"பழைய துணியில் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று செயலாளர் அம்மா கேட்டார். கூடவே "எங்கள் வீட்டு அலமாரியெல்லாம் நிரம்பி வழிகிறது" என்றும் சொன்னார். இங்கே இருக்கிற எல்லோருடைய அலமாரியும் அப்படித்தான் இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடையில் ரவிக்கைத் துணி, லைனிங், பாவாடைத் துணி, நூல், ஊசி, கொக்கி இவைதான் வியாபாரம். தான் அறுக்கும்போது மிஞ்சும் கட்பீஸ்களை ஒரு கூடையில் போட்டு எடை போட்டு விற்கிறோம். அந்தக் கூடைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். அந்த மாதம் துண்டுத்துணியில் செய்யக்கூடிய ஒரு பொருளின் அளவும் செய்முறையும் அதில் இருக்கும். ஒரு மாதம் பை, ஒரு மாதம் கரித்துணி, ஒரு மாதம் குழந்தை விரிப்பு. யார் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு போகலாம், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். எங்களிடம் துணி வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

"அளவைக் கொடுத்துவிட்டால் உங்கள் வியாபாரம் என்னாவது?" என்று சிலர் கேட்பார்கள். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையின் அளவை ஒளித்து வைப்பது அழகில்லை. அதோடு, தைக்கத் தெரிந்தவர்கள் கூடினால்தான் துணிக்கடைக்கு ஆள் வரும்.

இது நமக்குப் புதிதல்ல

குவில்ட் என்ற பெயர் இப்போது வந்தது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் ஏதாவது ஒரு அடுக்கு, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டினால் அது குவில்ட். நம் பாட்டிமார் பழைய நூல்சேலையை மூன்று நான்காக மடித்து, சுற்றிலும் குறுக்கிலும் தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பார்கள். அதுவும் இதே வேலைதான். தேர்த் திருவிழாவில் உருளையாகத் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். வண்ணத்துணிகளை வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைத்த வேலை அது.

இந்தியா முழுக்க இதற்குப் பெயர் உண்டு. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி, ராஜஸ்தான், சிந்துப் பக்கம் ரல்லி. காந்தாவில் பழைய சேலையின் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பார்களாம். நூலுக்குக்கூடக் காசு செலவழிக்காத கை அது.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது கவந்தி. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஹலியாள், எல்லாப்பூர், முண்டகோடு பக்கம் வாழும் சித்தி மக்கள் தைப்பது. அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். இதற்குத் தையல் மெஷின் வேண்டாம், ஸ்கேல் வைத்து வெட்ட வேண்டாம்.

அடித்துணியாக ஒரு பழைய சேலையை விரியுங்கள். ஒரு மூலையில் தொடங்கி, துண்டுத்துணியின் ஓரத்தை உள்ளே மடித்து வைத்து, அடித்துணியோடு சேர்த்துக் கையால் ரன்னிங் தையல் போடுங்கள். அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என்று ஓரமாகவே சுற்றி வாருங்கள். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று அதற்கு உள்ளே. இப்படிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடியும். நாலு மூலையிலும் சின்னச் சதுரத் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் "பூ" என்று பெயர். பூ வைக்காத கவந்தி அவர்கள் கணக்கில் முடியாத கவந்தி.

கையில் ஊசி பிடித்தே பழக்கமில்லாதவர்களுக்கு இது நல்ல தொடக்கம். தையல் கோணினாலும் அது அழகாகத்தான் இருக்கும்.

வெட்டுவதற்கு முன்னால்

முதலில், எந்தத் துணி என்ன துணி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேலே பிடித்துப் பற்றவையுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலானால் பருத்தி. முடி கருகுகிற வாசனை வந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணி போல நின்றால் பாலியெஸ்டர். பிள்ளைகள் இதைத் தனியாகச் செய்யக் கூடாது.

இரண்டாவது, புதுப் பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் ஒரு துண்டு சுருங்கும், பக்கத்துத் துண்டு சுருங்காது. போர்வை முழுக்க முறுக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, சாயம். சிவப்பு, நீலம், கருப்புத் துணியை ஈரமாக்கி, வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை விழுந்தால் அதைத் தனியாக வையுங்கள்.

நான்காவது, நடு அடுக்கு. வெளிநாட்டு வீடியோக்களில் தடிமனான பஞ்சு வைக்கிறார்கள். அது பனி பெய்கிற ஊருக்கு. நம் வெயிலுக்கு ஒரு பழைய பெட்ஷீட் போதும். துவைத்தாலும் சீக்கிரம் காயும்.

மூன்று பொருள்கள், மூன்று அளவுகள்

முதலாவது கரித்துணி. 8 அங்குலச் சதுரம் இரண்டு. நடுவில் பழைய காட்டன் துண்டு நாலு மடிப்பு. குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து, ஓரத்துக்குப் பைப்பிங் போட்டு, மூலையில் மாட்டுவதற்கு ஒரு கொக்கிநாடா. மேல்துணி, உள்துணி, நூல் எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி சூடான குக்கர் பிடியில் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். பார்க்க எவ்வளவு அழகான துணியாக இருந்தாலும் இதில் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1இல். மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது 2021 டிசம்பரில். ஆனாலும் நம் கையில் பை இல்லாததால்தான் கடையில் கவர் கேட்கிறோம். பழைய ஜன்னல் திரையோ பேன்ட் துணியோ எடுங்கள். 16 அங்குல அகலம், 18 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு. அடிப்பக்க மூலைகளை முக்கோணமாகப் பிடித்து, 2 அங்குலத்தில் ஒரு தையல் போட்டால் பை நிற்கும். கைப்பிடிக்கு 4 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் இரண்டு பட்டை. நாலாக மடித்தால் 1 அங்குலமாகும். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் போடுங்கள். 5 கிலோ அரிசிக்கும் அறுந்து போகாது.

மூன்றாவது குழந்தை விரிப்பு. 5 அங்குலச் சதுரங்கள் 80. நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். வரிசைக்கு 8 வீதம் 10 வரிசை சேர்த்தால் 36க்கு 45 அங்குலம். கைக்குழந்தையைப் படுக்கவைக்கச் சரியாக இருக்கும். 44 அங்குல அகலத் துணி ஒரு மீட்டரில் இப்படி 56 சதுரம் வரும். 36 அங்குல அகலத்தில் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி இருந்தால் 42 வரும். வெற்றிலைப் பாக்கோடு வந்த ரவிக்கைத் துணிகளைத் தைக்கவும் மனமில்லாமல், கொடுக்கவும் மனமில்லாமல் அடுக்கி வைத்திருப்பீர்கள். இரண்டு துணி எடுத்தால் ஒரு விரிப்பின் மேல்பக்கம் முடிந்தது.

பட்டுப்புடவை பற்றித் தனியாகக் கேட்டார்கள். காஞ்சிப் பட்டின் நல்ல ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று வருகிறவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். எரித்து வெள்ளியை எடுப்பார்கள். கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் அம்மாவின் கல்யாணப் புடவையாக இருந்தால், கொடுப்பதற்கு முன் கரையிலும் முந்தானையிலும் நன்றாக இருக்கும் பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பில் கிழிந்த பட்டுக்குப் பின்னால் மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்தால் திண்டு உறையாகவோ சுவரில் மாட்டும் படமாகவோ பல வருடம் இருக்கும். பட்டைப் பருத்தியோடு கலந்து, துவைக்கிற போர்வையில் வைக்காதீர்கள்.

இப்போது காசு விஷயம்

இதுவரை சொன்னதெல்லாம் நீங்களே தைப்பதற்கு. ஆனால் இங்கே பாதிப் பேர் "எங்களுக்கு நேரமில்லை, யாராவது தைத்துக் கொடுப்பார்களா?" என்று கேட்பீர்கள். கொடுப்பார்கள். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மெஷின் வைத்திருக்கும் பெண்கள் நிறைய. நான் இங்கே வந்ததே முக்கியமாக அவர்களுக்காகப் பேசத்தான்.

ஒரு குழந்தை விரிப்புக்கு எங்கள் கையில் ஆகிற நேரத்தைச் சொல்கிறேன். 80 சதுரம் வெட்ட 2 மணி நேரம். மெஷினில் சேர்க்க 5 மணி நேரம். மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்துப் பிடிக்க ஒரு மணி நேரம். கையால் தையல் ஓட்ட 18 மணி நேரம். ஓரம் கட்ட 4 மணி நேரம். மொத்தம் 30 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலே கூலி மட்டும் 1,800 ரூபாய்.

இந்தக் கணக்கைச் சொன்னால் சிலருக்கு முகம் மாறும். "துணி எங்களுடையது, அதுவும் பழைய துணி, சும்மா நாலு தையல்தானே?" என்பார்கள். துணி பழையது, சரி. தைக்கிற 30 மணி நேரம் பழையதா? ஆன்லைனில் 700 ரூபாய்க்கு வருகிறதே என்றால், தாராளமாக அதை வாங்குங்கள், தவறே இல்லை. ஆனால் அந்த விலையைக் காட்டிக் கையால் தைக்கும் ஒரு பெண்ணிடம் பேரம் பேசாதீர்கள்.

அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் வைத்திருக்கிறது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்குச் சமூக நலத்துறை மூலம் கிடைக்கிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கின்றன. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் மெஷின் வீட்டுக்கு வந்தால் மட்டும் வருமானம் வந்துவிடாது. ஆர்டர் வர வேண்டும், சரியான கூலியும் வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த மெஷின் மேலே துணி போர்த்தி, அதன் மேல் டிவி வைத்துவிடுவார்கள்.

அளவை இலவசமாகப் பகிர்ந்தும் உழைப்புக்குக் காசு கொடுக்க முடியுமா? முடியும். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற வடிவமைப்பு நிறுவனம் மீனவக் கிராமப் பெண்களோடு சேர்ந்து "சுனாமிகா" என்ற குட்டிப் பொம்மையை உருவாக்கியது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மிச்சத் துணியில் செய்தது. அந்தப் பொம்மையை விற்பதில்லை, அன்பளிப்பாகக் கொடுப்பார்கள். விரும்பியவர்கள் தரும் நன்கொடையிலிருந்து செய்த பெண்களுக்குக் கூலி போகும். பொம்மை இலவசம், ஆனால் செய்த கைக்குக் காசு உண்டு.

தூரத்திலும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி ஸ்டார் என்ற பத்திரிகை 1928 முதல் 1961 வரை குவில்ட் மாதிரிகளை வெளியிட்டது. வாசகர்கள் வெட்டிச் சேர்த்து வைத்துத் தைத்தார்கள். அதே நாட்டில் அலபாமா மாநிலத்துக் கறுப்பினப் பெண்கள் 1966இல் ஒரு குவில்ட் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். வயல்வேலை செய்த பெண்கள். கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டி, குளிருக்குத் தைத்த போர்வைகள் அவர்களுடையவை. அந்தப் பகுதியில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் போர்வைகள் 2002இல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தன. வீட்டில் மடித்துக் கிடந்தபோதும் அது அதே போர்வைதான். அதன் மதிப்பைப் பார்க்கிற கண்தான் பிறகு வந்தது. நம் ஊர்ப் பெண்கள் தைப்பதை அருங்காட்சியகம் பார்க்க வேண்டாம். இந்தக் குடியிருப்பு பார்த்தால் போதும்.

நான் கேட்பது நான்கு

ஒன்று, சங்க அலுவலகத்தில் துணிக்கென்று ஒரு பெட்டி வையுங்கள். துவைத்து, காயவைத்து, பொத்தானும் ஜிப்பும் எடுத்த பருத்தித் துணி மட்டும். அழுக்குத் துணியைப் போட்டால் பிரிக்கிறவருக்குத்தான் தொல்லை.

இரண்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஹாலில் இரண்டு மணி நேரம் உட்காரலாம். நான் வருகிறேன், அட்டையும் கொண்டு வருகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை. தாத்தாக்களும் வரலாம். நம் ஊர்க் கடைவீதியில் மெஷின் மிதித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான்.

மூன்று, வீட்டில் சும்மா இருக்கும் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுங்கள். பெல்ட் தளர்ந்தோ, பாபின் கேஸ் துருப்பிடித்தோதான் பெரும்பாலும் நின்றிருக்கும். சின்னச் செலவுதான்.

நான்கு, தைக்கக் கொடுத்தால் மூன்று விஷயத்தை எழுதிக் கொடுங்கள். அளவு, முடிக்கும் தேதி, கூலி. பாதிக் கூலி முன்பணம். வாங்கும்போது மீதி. "அப்புறம் தருகிறேன்" என்ற வார்த்தை வேண்டாம். நீங்கள் மூன்றாவது மாடியில் இருப்பீர்கள். அந்தப் பெண் ஒரு பஸ் பிடித்து, கேட்டில் கையெழுத்துப் போட்டு, இன்டர்காமில் கூப்பிட்டுக் காசு கேட்க வேண்டியிருக்கும். அந்த நிலையை அவருக்கு வைக்காதீர்கள்.

கேள்வி நேரத்திலிருந்து

*டீ-ஷர்ட் நிறைய இருக்கிறது. அதில் குவில்ட் தைக்கலாமா?*

தைக்கலாம். ஆனால் அது இழுபடும் பனியன் துணி. பின்னால் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் ஒட்டிவிட்டு வெட்டுங்கள். மெஷினில் பனியன் துணிக்கான முனை மழுங்கிய ஊசி போடுங்கள். சாதா ஊசி துணியில் ஓட்டை போடும்.

*என் மகளுக்குப் பத்து வயது. எதில் தொடங்கலாம்?*

கைத்தையலில் தொடங்குங்கள். ஒரு பொத்தான் தைப்பது, ஒரு கிழிசலை மூடுவது. அப்புறம் ஒரு அடி அளவில் சின்னக் கவந்தி. பையனுக்கும் அதையே சொல்லிக் கொடுங்கள்.

*வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பழைய துணி கொடுத்துவிடுகிறோம். அது போதாதா?*

கட்டக்கூடிய துணியாக இருந்தால், அவருக்கு வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள். கட்ட முடியாததைக் கொடுத்தால் அது உதவி ஆகாது. நம் வீட்டுக் குப்பையை அவர் சுமந்துகொண்டு போகிறார், அவ்வளவுதான். அந்தத் துணிதான் பெட்டிக்கு வர வேண்டும்.

*மணிக்கு 60 ரூபாய் என்பதை யார் முடிவு செய்தது?*

கணக்குப் புரிவதற்காக நான் சொன்னது. ஒவ்வொருவரின் கைத்திறனுக்கும் அது கூடும். நீங்களும் தைப்பவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தொகையை மணிக்கணக்கில் பேசினாலே பாதிப் பேரம் தானாகக் குறைந்துவிடும்.

 இன்றைய மூன்று அளவுகளும் எழுதிய அட்டையை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். போகும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.